பனியும் ஐஸும் விளையாட்டும்: கொழும்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஸ்லோவில் ஒன்பது குளிர்காலம் இருந்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ரொறன்ரோவில் பேரன் ஹொக்கி விளையாடும் வீடியோவைக் காட்டி ஓர் அம்மம்மா கேட்பார். சுவிஸில் இருக்கும் தங்கையிடம் முதன்முதலாகப் போகிறவர் கேட்பார். மாசியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தால் ரியூசன் பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் ஒழுங்கையில் பனி பெய்யும் நாட்டில் ஒரு சொந்தமாவது இல்லாத வீடு கிடையாது. ஆனால் அந்தப் பனியில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது இங்கே பலருக்குப் புதிராகவே இருக்கிறது. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

“பனி எண்டால் மார்கழியில விழுறதுதானே அக்கா? அதுக்கு மேல என்ன விளையாட்டு?”

குழப்பத்துக்குக் காரணம் எங்கள் சொல்தான். முன்பனி, பின்பனி என்று ஆண்டில் இரண்டு பருவங்களைப் பனிக்கு ஒதுக்கிய மொழி தமிழ். ஆனால் அந்தப் பனி விடியற்காலை ஈரமும் புகாரும்தான். தை மாதத்தில் நுவரெலியாவில் புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் வெள்ளையாகப் படிகிறதே, அது உறைபனி. நிலத்தோடு ஒட்டி உருவாவது, வானத்திலிருந்து விழுவதல்ல.

விளையாட்டுக்கு வேண்டியவை வேறு இரண்டு. மேகத்துக்குள்ளேயே நீராவி படிகமாகி, பஞ்சுபோலக் கீழே இறங்குவது வெண்பனி. அதைத்தான் ஸ்னோ என்கிறோம். தண்ணீர் உறைந்து கட்டியாவது ஐஸ். இந்தப் பக்கத்தில் நான் பனி என்று எழுதினால் வெண்பனி, ஐஸ் என்று எழுதினால் உறைந்த தண்ணீர். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுகமாக விளங்கும்.

“ஸ்கீ, ஸ்கேட்டிங் ரெண்டும் ஒண்டுதானே?”

இல்லை. பனி மெத்தையானது, கால் புதையும். அதனால் எடையைப் பரப்பிவிட நீளமான பலகை வேண்டும், அதுதான் ஸ்கீ. ஐஸ் கெட்டியானது, அதில் பிடிப்பு வேண்டும். அதனால் சப்பாத்துக்கு அடியில் கத்திபோன்ற அலகு வேண்டும், அதுதான் ஸ்கேட். நெடுந்தூர ஸ்கீ, மலையிறங்கும் ஸ்கீ, ஸ்கீ தாண்டல், பயத்லோன், ஸ்னோபோர்ட் எல்லாம் பனி வீட்டுப் பிள்ளைகள். ஃபிகர் ஸ்கேட்டிங், வேக ஸ்கேட்டிங், ஐஸ் ஹொக்கி, கேர்லிங் எல்லாம் ஐஸ் வீட்டுப் பிள்ளைகள். ஐஸ் பூசிய வளைகுழாயில் வண்டியில் பாயும் விளையாட்டுகளும் இந்த இரண்டாவது வீடுதான்.

முதலாவது குளிர்கால ஒலிம்பிக் 1924 இல் பிரான்ஸின் ஷமொனியில் நடந்தது. அதற்கு முன்பே, 1908 இல் லண்டன் கோடைகால ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் இடம்பிடித்துவிட்டது.

“ஐஸ் ஏன் வழுக்குது? கண்ணாடியும் மினுமினுப்புத்தான், அது இப்பிடி வழுக்கிறேல்லையே?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்டவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். ‘ஆளின் பாரம் அழுத்துவதால் ஐஸ் உருகுகிறது’ என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். அந்த அழுத்தம் உருகுநிலையைக் கொஞ்சம்தான் இறக்கும். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையிலும் ஆட்கள் ஸ்கேட் செய்கிறார்கள் என்பதை அது விளக்காது. ஐஸின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ள அயலவர் இல்லை. அதனால் அவை தளர்ந்து, தண்ணீரை ஒத்த மிக மெல்லிய படையாக இருக்கின்றன. ஃபரடே 1850 அளவிலேயே இப்படி ஒரு படை இருப்பதாகக் கருதினார். அலகு உரசும்போது பிறக்கும் சூடும் அதற்கு உதவுகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஃபிரிட்ஜின் மேல்தட்டிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்தவுடன் ஈர விரலால் தொடுங்கள், ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடம் கழித்துத் தொட்டால் கைநழுவி ஓடும். அதிகக் குளிரில் அந்த மேற்படை குறைந்துவிடும், வழுக்கலும் குறையும். அதனால்தான் உள்ளரங்குகளில் ஹொக்கிக்குக் கொஞ்சம் குளிர்ந்த கெட்டி ஐஸும், ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குச் சற்று மென்மையான ஐஸும் வைத்திருப்பார்கள்.

“இதெல்லாம் பணக்காரரின்ர பொழுதுபோக்குத்தானே?”

மலையில் கம்பிவட லிஃப்டில் ஏறி இறங்கும் ஸ்கீ செலவானது, உண்மை. லிஃப்ட் சீட்டு, தங்குமிடம், வாடகை எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்குக் கனம். ஆனால் வேரைப் பார்த்தால் கதை வேறு. ஸ்கீ என்ற சொல்லே பிளந்த மரத்துண்டைக் குறித்த பழைய நோர்டிக் சொல்லிலிருந்து வந்தது. வேட்டைக்கும் விறகுக்கும் அயல் வீட்டுக்கும் போகவர வேறு வழியில்லாத ஆட்களின் கால் அது. முதல் ஸ்கேட்டுகள் விலங்கின் கால் எலும்பில் செய்யப்பட்டவை. இன்றைய ஸ்கீயின் தந்தை என்று நோர்வேக்காரர் மதிக்கும் சொண்ட்ரே நூர்ஹைம் டெலமார்க் பகுதியில் ஓர் ஏழைக் குடியானவர். குதி நழுவாமல் பிடிக்கும் கட்டையும், இடுப்பு ஒடுங்கிய பலகையும் அவர் பெயரோடு சேர்ந்தவை.

நோர்வேயில் எல்லாரும் சொல்லும் ஒரு சம்பவம். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது வார இறுதியில் கார் ஓட்டத் தடை. ஊலாவ் மன்னர் ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு மற்றச் சனத்தோடு ஒஸ்லோ டிராமில் ஏறி, சீட்டுக்குப் பணமும் நீட்டினார். அந்தப் படத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதே பாதையில் இன்றும் சனிக்கிழமை காலையில் மெட்ரோப் பெட்டி முழுக்க ஸ்கீ நிற்கும். இறங்குகிற இடத்திலேயே பாதை தொடங்கும், அதற்குக் கட்டணம் இல்லை. உபகரணங்களை இலவசமாக இரவல் தரும் இடங்களும் அங்கே பல ஊர்களில் உண்டு. பிள்ளைகள் வளர வளரச் சப்பாத்தின் அளவு மாறும் என்பதால் எங்கள் ஆட்களுக்கு அது பெரிய உதவி.

“90 கிலோமீற்றர் பனியில போறாங்களாமே, அது என்ன நேர்த்திக்கடனா?”

கேட்டவர் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போய்வந்தவர். அதனால் அந்தச் சொல் அவர் வாயில் சரியாக வந்தது. சுவீடனில் மார்ச் முதல் ஞாயிறு நடப்பது வாசாலோப்பெட். செலன் ஊரிலிருந்து மூரா வரை 90 கிலோமீற்றர், 1922 இலிருந்து நடக்கிறது. டென்மார்க் மன்னனிடமிருந்து தப்பி ஓடிய குஸ்தாவ் வாசா, மூரா மக்கள் துணைவர மறுத்ததால் நோர்வேப் பக்கம் போனார் என்றும், பிறகு மனம்மாறிய ஊரார் இருவரை ஸ்கீயில் அனுப்பி அவரைத் திருப்பி அழைத்தார்கள் என்றும் கதை. அந்தத் திரும்பி வந்த வழியில்தான் பந்தயம் போகிறது. இடையில் நின்று இளஞ்சூட்டில் புளூபெரிச் சாறு குடிப்பார்கள். எங்கள் தண்ணீர்ப்பந்தல்தான் ஞாபகம் வரும். பெண்களுக்கு 1924 இலிருந்து தடை இருந்தது, 1981 இல்தான் நீங்கியது.

நோர்வேயில் நடக்கும் பிர்கெபைனர் என்ற ஸ்கீப் பந்தயத்தில் முதுகில் 3.5 கிலோ பை கட்டாயம். 1206 இல் உள்நாட்டுப் போரின்போது, இரண்டு வயதும் நிரம்பாத இளவரசன் ஹாகோனை இரண்டு வீரர்கள் ஸ்கீயில் மலை தாண்டிக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். பை அந்தக் குழந்தையின் பாரத்துக்கு அடையாளம். தூரம் 54 கிலோமீற்றர். குழந்தை வளர்ந்து மன்னனானான்.

மூன்றாவது என் மனதுக்கு மிக நெருக்கமானது. நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் பதினொரு ஊர்களைக் கால்வாய் வழியே இணைத்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர் ஸ்கேட்டில் போவது. 1909 இலிருந்து 15 தடவைதான் நடந்திருக்கிறது. பாதை முழுக்க ஐஸ் 15 சென்ரிமீற்றர் தடித்தால்தான் நடத்துவார்கள். 1963 இல் கடும் குளிரும் பனிக்காற்றும். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் புறப்பட்டு, பந்தயக்காரர் அல்லாத பொதுமக்களில் 69 பேர்தான் முடித்தார்கள். 1986 இல் வேறு பெயரில் பதிந்து ஓடிய ஓர் இளைஞன் பட்டத்து இளவரசன் என்பது முடிவில்தான் பலருக்குத் தெரிந்தது. இன்று அவர்தான் அந்த நாட்டு மன்னர். கடைசியாக நடந்தது 1997 தை 4.

“ரீவியில கல்லை உருட்டிவிட்டு முன்னால ஐஸைக் கூட்டுறாங்களே, அதை ஏன் விளையாட்டு எண்டு சொல்லுறது?”

கேர்லிங். கரம் விளையாடத் தெரிந்த ஆளுக்கு இதைப்போல விளங்கும் விளையாட்டு வேறில்லை. கரம் பலகையில் ஏன் பவுடர் தூவுகிறோம்? குட்டிக்கும் பலகைக்கும் இடையிலான உரசலைக் குறைக்க. கேர்லிங்கில் அதற்கு முதலில் ஐஸின் மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறைய விடுவார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஐஸ் தோடம்பழத் தோல்போலப் புள்ளிபுள்ளியாக இருக்கும். கல் அந்தப் புள்ளிகளின் உச்சியில் மட்டும் பட்டு ஓடும். துடைப்பத்தால் தேய்க்கும்போது மேற்பரப்பு ஒரு பொட்டுச் சூடாகி உரசல் இன்னும் குறையும். கல் கூடத் தூரம் போகும், வளைவதும் குறையும். அதாவது, விட்ட கல்லைத் தொடாமலே ஓட்டுகிறார்கள்.

கல் 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, கருங்கல் வகை. பேர்போன கற்கள் ஸ்கொட்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள எயில்சா கிரேக் என்ற சின்னத் தீவிலிருந்து வருபவை. அணிக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு கல். எல்லாக் கல்லும் போன பிறகு, நடுப்புள்ளிக்கு மிகக் கிட்ட இருக்கும் கல் எந்த அணியினதோ அந்த அணிக்கு மட்டும் புள்ளி. எதிரணியின் நல்ல கல்லைவிடக் கிட்ட எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை புள்ளி. ஆகவே கடைசிக் கல் யார் கையில் என்பதுதான் முழு உபாயமும். கரத்தில் சிவப்பை எப்போது எடுப்பது என்று யோசிக்கிற அதே மூளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லில் தன் துடைப்பம் பட்டுவிட்டால், ஆட்டக்காரர் தானாகவே சொல்ல வேண்டும் என்பது அங்கே மரபு. தோற்பது உறுதி என்று தெரிந்தால் கைகொடுத்து முடித்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்த விளையாட்டைத்தான்.

“மலையில இருந்து பறக்கிறவங்கள் நிலத்தில மோதிச் சாகாமல் எப்பிடித் தப்புறாங்கள்?”

ஸ்கீ தாண்டல். ரீவியில் பக்கவாட்டாகப் பார்க்கும்போது ஆகாயத்தில் போவதுபோலத் தெரியும். உண்மையில் ஆள் பெரும்பாலும் நிலத்துக்குச் சில மீற்றர் உயரத்தில்தான் போகிறார். அவர் விழும் கோணத்திலேயே மலையும் சரிந்துகொண்டு போகிறது. இறங்கும் இடமும் நல்ல சரிவாக இருப்பதால், நிலம் எதிரில் வந்து மோதாமல் மெதுவாக வந்து காலைத் தாங்கும். சறுக்குப் பாதையில் மணிக்கு 90 கிலோமீற்றர் அளவில் வந்து, விளிம்பில் கண்சிமிட்டும் நேரத்துக்குள் எழும்ப வேண்டும். அந்தக் கணம் பிசகினால் தூரம் போய்விடும்.

முன்பு இரு பலகைகளையும் சேர்த்துப் பிடித்துத்தான் பறந்தார்கள். 1980களில் யான் பொக்லேவ் என்ற சுவீடன்காரர் முனைகளை விசிறிபோல விரித்துப் பறந்தார். நடுவர்கள் அழகில்லை என்று புள்ளி வெட்டினார்கள். ஆனால் காற்று அவரைத் தூக்கியது, தூரம் பேசியது. இன்று எல்லாரும் அப்படித்தான். ஆகக்கூடிய தூரம் 254.5 மீற்றர், 2025 மார்ச்சில் ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில் டொமென் பிரேவ்ட்ஸ் பறந்தது. பெண்களில் அதே ஆண்டு 236 மீற்றர் பறந்த நிகா அவருடைய தங்கை. காலிமுகத்திடலில் பட்டம் ஏற்றிய பிள்ளைக்கு இதை விளக்க அதிகம் பேசத் தேவையில்லை. காற்றுக்கு முகம் கொடுத்துச் சாய்ந்தால் எழும்பும், அவ்வளவுதான்.

“ஸ்கீயில ஓடிவந்து துவக்கால சுடுறது ஆர் கண்டுபிடிச்சது?”

பயத்லோன். நோர்வேயின் ஸ்கீப் படையினர் 1767 இலேயே இப்படிப் போட்டி வைத்திருக்கிறார்கள். இலக்கு 50 மீற்றர் தூரத்தில். படுத்துச் சுடும்போது இலக்கின் அகலம் 45 மில்லிமீற்றர், நின்று சுடும்போது 115. ஒன்று தவறினால் பல போட்டிகளில் 150 மீற்றர் சுற்றொன்று கூடுதலாக ஓட வேண்டும்.

ஓட்டத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும், அதே நெஞ்சோடு மூச்சை நிறுத்திக் குறி பார்க்க வேண்டும். வேகமாக வந்தவன் ஐந்தில் மூன்றைத் தவறவிட்டு, பின்னால் வந்தவன் ஐந்தையும் விழுத்திவிட்டுப் போவதைப் பார்க்கும்போது நாமும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். முழுசாக ஒரு குளிர்கால விளையாட்டைப் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

“குழாய்க்குள்ள பாயுற வண்டியள் மூண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

மல்லாந்து படுத்து, கால் முன்னே போனால் லூஜ். குப்புறப் படுத்து, தலை முன்னே போனால் ஸ்கெலிட்டன். தள்ளிக்கொண்டு ஓடி உள்ளே ஏறி இருந்தால் பொப்ஸ்லெட். மூன்றும் மணிக்கு 130 கிலோமீற்றர் அளவில் போகும். லூஜில் நேரத்தை ஆயிரத்தில் ஒரு செக்கன் வரை அளப்பார்கள்.

“ஃபிகர் ஸ்கேட்டிங்கில எல்லாரும் சுத்துறாங்கள். ஆர் நல்லாச் செய்தது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

பரதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கஷ்டமில்லை. அங்கே நிருத்தத்துக்கும் அபிநயத்துக்கும் தனித்தனியாகக் கண் வைப்பதுபோல, இங்கே நுட்பத்துக்கு ஒரு புள்ளி, பாட்டோடு இணைந்த ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. தாண்டுதல் ஆறு வகை. பெயர்களில் சில ஆட்களின் பெயர்கள்: சால்கோ சுவீடன்காரர், லுட்ஸ் ஒஸ்திரியக்காரர், அக்செல் பவுல்சன் நோர்வேக்காரர்.

ஆறையும் பிரித்தறியாவிட்டாலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பார்த்து எழும்பினால் அது அக்செல். மற்ற ஐந்தும் பின்பக்கமாகப் போய்க்கொண்டே எழும்புபவை. எல்லாம் பின்பக்கமாகத்தான் இறங்கும், ஆகவே அக்செலில் அரைச் சுற்று கூடும். நாலு சுற்று அக்செல் என்றால் நாலரைச் சுற்று. போட்டியில் அதை முதன்முதலாகச் சரியாக இறக்கியவர் அமெரிக்காவின் இல்யா மலினின், 2022 செப்டெம்பரில். அப்புறம், இறங்கும் காலைப் பாருங்கள். ஒற்றைக்காலில், முழங்கால் மடங்கி, ஓட்டம் நிற்காமல் வழுக்கிப் போனால் நல்ல தாண்டுதல்.

“பேரன் ஹொக்கி விளையாடுறான். அதில சண்டை பிடிக்க விடுறாங்களாம், உண்மையோ?”

அம்மம்மா, பயப்பட வேண்டாம். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கில் சண்டை பிடித்தால் ஐந்து நிமிடம் வெளியே இருத்துவார்கள், ஆட்டம் தொடரும். அதைத்தான் வீடியோவில் பார்க்கிறீர்கள். ஒலிம்பிக்கில் சண்டை பிடித்தால் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றுவார்கள். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் இதற்கு இடமே இல்லை. தலையிலிருந்து கால்வரை கவசம் போட்டுத்தான் இறக்குவார்கள்.

அவன் அடிக்கிற கறுப்பு வட்டு கெட்டி றப்பர், 170 கிராம் அளவு. துள்ளாமல் சறுக்குவதற்காகப் பெரிய ஆட்டங்களில் அதை முதலே உறைய வைத்து எடுப்பார்கள். அடுத்தமுறை கதைக்கும்போது ‘வட்டைக் குளிரவைச்சு எடுத்தியா’ என்று கேளுங்கள். பேரனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

“எங்களை மாதிரி வெயில் நாட்டுக்காரர் ஆராவது வெண்டிருக்கிறாங்களோ?”

வெற்றியைவிடப் பெரிய கதைகள் இருக்கின்றன. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் கென்யாவின் பிலிப் பொயிட் 10 கிலோமீற்றர் ஸ்கீயில் கடைசியாக வந்தார். முதலாவதாக வந்த நோர்வேயின் பியோர்ன் டாலி, இவர் வந்து சேரும்வரை கோட்டருகில் காத்திருந்து கட்டித் தழுவினார். பொயிட் தன் மகனுக்கு டாலி என்று பெயர் வைத்தார். பிலிப்பைன்ஸின் மைக்கல் மார்ட்டினெஸ் கடைத்தொகுதிக்குள் இருந்த ஐஸ் தளத்தில் பழகி 2014 ஒலிம்பிக்கில் ஆடினார். இந்தியாவின் சிவா கேசவன் கேரளத் தகப்பனுக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்தவர். சில்லுப் பூட்டிய வண்டியில் இமயமலைத் தெருக்களில் பழகி, 1998 இலிருந்து 2018 வரை ஆறு ஒலிம்பிக்கில் லூஜ் ஓடினார்.

2022 பெய்ஜிங் வரை குளிர்கால ஒலிம்பிக்கில் இலங்கைக் கொடி வந்ததில்லை. ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் வளரும் எங்கள் பிள்ளைகளை நினைக்கும்போது, அந்த நாட்டுக் கொடியுடனாவது ஒரு தமிழ்ப் பெயர் அங்கே ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

“கொழும்பில இருந்து கிட்டவா எங்க போய்ப் பாக்கலாம்?”

டுபாயில் வேலை செய்யும் சொந்தம் இருந்தால் அங்கே. 2005 இல் திறந்த உள்ளரங்கப் பனி மலை ஒன்று கடைத்தொகுதிக்குள்ளேயே இருக்கிறது, நீண்ட சறுக்கு 400 மீற்றர். உடுப்பும் பலகையும் அங்கேயே கிடைக்கும். உண்மையான மலை வேண்டுமென்றால் காஷ்மீரின் குல்மார்க். ஊர் 2,650 மீற்றர் உயரம், கம்பிவடப் பெட்டி 3,900 மீற்றருக்கு மேல் கொண்டுபோகும். தையும் மாசியும் நல்ல காலம். முதல் நாளிலேயே உச்சிக்கு ஏறாதீர்கள், உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும்.

“ஒஸ்லோவில அக்காவிட்டப் போறன். 42 வயசில ஸ்கீ பழகலாமோ, விழுந்து இடுப்பு முறிஞ்சால்?”

பழகலாம். நான் பழகியது 38 இல். சொங்ஸ்வான் ஏரிக்கரையில், மெட்ரோவின் கடைசித் தரிப்பிடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. முதல் நாள் பலகையை மாட்டிய கையோடு பக்கவாட்டாக விழுந்தேன். எழும்ப முயன்று மறுபடி விழுந்தேன். நாலு வயதுப் பிள்ளை ஒன்று ஊன்றுகோல் இல்லாமல் பக்கத்தால் போனது. அங்கே பிள்ளைகளுக்குக் கோல் கொடுக்காமல்தான் பழக்குவார்கள், சமநிலை காலில் வரட்டும் என்று. பிள்ளையின் பின்னால் வந்த பாட்டி நின்று, கையைத் தராமல், எழும்பும் முறையைக் காட்டித்தந்தார். இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்காக ஒன்றுக்கொன்று நேராகப் போட்டு, முழங்காலில் வந்து, பிறகு எழும்ப வேண்டும். விழும்போது பின்பக்கம் இருக்கப் பார்க்காமல் பக்கவாட்டில் விழ வேண்டும். நிறுத்துவதற்கு முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை விரிக்க வேண்டும், ஓலைக் கூரை மாதிரி. இந்த மூன்றும் போதும், முதல் வாரம் ஓடிவிடும். மட்டமான பாதையில் நெடுந்தூர ஸ்கீயைத் தொடங்குங்கள், மலையிறக்கம் பிறகு.

அதற்கும் மனமில்லையா, சறுக்குவண்டி இருக்கிறது. புரொங்னர்செத்தரனிலிருந்து கீழே ஏறக்குறைய 2 கிலோமீற்றர் வளைந்து வளைந்து இறங்கும் பாதைக்குத் ‘தக்கைத் திருகி’ என்று பெயர். இறங்கியதும் வண்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறி மறுபடி மேலே போகலாம். எழுபது வயது மாமி ஒருவர் மூன்றுமுறை இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு சூடான சொக்லேட்டும் பணிசும். அந்தப் பணிசில் ஏலக்காய் போட்டிருப்பார்கள். கொட்டும் பனியில் ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறும்போது ஊர் வந்துவிடும்.

“என்ன உடுக்கிறது? இஞ்சையிருந்து ஜக்கற் வாங்கிக்கொண்டு போகவோ?”

வாங்க வேண்டாம், அங்கே இரவல் கிடைக்கும். ஒரே ஒரு விதிதான் முக்கியம்: உடம்போடு ஒட்டிப் பருத்தி போடக்கூடாது. வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், நின்றவுடன் குளிர் எலும்பில் ஏறும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் சூடு பிடிக்கும் ஒன்று, வெளியே காற்றுத் தடுக்கும் ஒன்று. இரண்டு சொக்ஸ் போட்டுச் சப்பாத்தை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். விரல் பிரித்த கையுறையைவிட விரல் சேர்ந்ததுதான் சூடு.

“ஏரி உறைஞ்சு கிடக்கும்போது மேல நடக்கலாமோ?”

ஊர் ஆட்கள் நடக்காத இடத்தில் நடக்காதீர்கள். தெளிந்த கெட்டி ஐஸ் 10 சென்ரிமீற்றராவது வேண்டும் என்பது பொது விதி. பதினொரு ஊர்ப் பந்தயத்துக்கு 15 கேட்கிறார்கள் என்று மேலே சொன்னேன். ஆற்று வாய், பாலத்தடி, நாணல் ஓரம் எல்லாம் மெல்லியவை. பனி மூடிய ஐஸ் கண்ணுக்குக் கெட்டியாகத் தெரியும், கீழே அப்படி இராது. நோர்வேயில் ஏரியில் ஸ்கேட் செய்பவர்கள் கழுத்தில் இரண்டு கூர் ஆணிப்பிடி தொங்கவிட்டிருப்பார்கள், விழுந்தால் ஐஸில் குத்தி ஏறுவதற்கு. விழுந்தால் வந்த திசைக்கே திரும்பி ஏற வேண்டும், அந்தப் பக்கம்தான் உங்களைத் தாங்கிய ஐஸ்.

“பனிச்சரிவில மூடுப்பட்டுச் சாகிறாங்களே, அந்தப் பயம்தான் எனக்கு.”

குறித்த பாதைக்குள் நின்றால் அந்த ஆபத்து மிகக் குறைவு, அங்கே காவல் இருக்கிறது. சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையான சாய்வில், பாதைக்கு வெளியே நடப்பவை. மனிதர் அகப்படும் சரிவுகளில் அதிகமானவை அவர்களின் பாரத்தாலேயே கிளம்புகின்றன. ஒவ்வொரு நாளும் 1 முதல் 5 வரை எச்சரிக்கை அளவு வெளியிடுவார்கள். மூடப்பட்டவரை முதல் சில நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் நம்பிக்கை. அதனால் வெளியே போகிறவர்கள் சமிக்ஞைக் கருவி, நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் இல்லாமல் போவதில்லை. பழகாத நீங்கள் போகவே வேண்டாம். பாதையின் நிறத்தையும் பாருங்கள்: ஐரோப்பாவில் பச்சையும் நீலமும் சுகம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்.

“பூமி சூடாகுதாம். இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?”

இதை எழுதும்போது மனம் கனக்கிறது. பதினொரு ஊர்ப் பந்தயம் 1997 க்குப் பிறகு நடக்கவில்லை என்றேன். அன்று பிறந்த பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் ஆகப்பெரிய திருவிழா பெற்றோர் சொன்ன கதைதான். ஒட்டாவாவில் ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீற்றர் ஸ்கேட் பாதை 1970களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் திறந்தது. 2022–23 குளிர்காலத்தில் ஐஸ் போதாமல் முதன்முறையாகத் திறக்கவே இல்லை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பனி கிட்டத்தட்ட முழுவதும் செயற்கை. தண்ணீரைப் பீரங்கிபோன்ற யந்திரத்தால் குளிர்காற்றில் சீறவிட்டு உறைய வைப்பது. அது இயற்கைப் பனியைவிட அடர்த்தி, விழுந்தால் கூட நோகும். அதைச் செய்யவும் குளிர் வேண்டும்.

ஒஸ்லோவில் என் கடைசி இரண்டு குளிர்காலத்தில் சொங்ஸ்வானில் மழை பெய்த மார்கழி நாட்கள் இருந்தன. அயல்வீட்டு முதியவர் ஸ்கீயைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டே இருப்பார். வாடைக்கு மழை வராமல் வானத்தைப் பார்க்கும் கமக்காரனின் முகம் அது.

“இஞ்சையிருந்து எதை, எந்த நேரம் பாக்கலாம்?”

குளிர்காலத்தில் நடு ஐரோப்பாவும் நோர்வேயும் சுவீடனும் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னால். அதனால் அவர்களின் பகல் போட்டி எங்களுக்குப் பின்னேரம், நித்திரை முழிக்கத் தேவையில்லை. புதுவருட நாளில் ஜேர்மனியின் கார்மிஷில் ஸ்கீ தாண்டல். தையில் சுவிஸின் வெங்கனில் நாலரைக் கிலோமீற்றர் மலையிறக்கம், அடுத்து ஒஸ்திரியாவின் கிட்ஸ்பூலில் 1931 இலிருந்து நடக்கும் பந்தயம். பயத்லோன் கார்த்திகை முடிவிலிருந்து பங்குனி வரை பெரும்பாலும் வார இறுதிகளில் இருக்கும். அடுத்த குளிர்கால ஒலிம்பிக் 2030 இல், பிரான்ஸின் அல்ப்ஸ் மலையில்.

மார்ச் முதல் ஞாயிறு வாசாலோப்பெட் அங்கே காலை 8 மணிக்குப் புறப்படும், எங்களுக்கு மதியம் 12.30. சோற்றை வடித்து வைத்துவிட்டு இருந்தால் போதும். முதலாவதாக வருபவர் நாலு மணித்தியாலத்தில் முடித்துவிடுவார், கடைசி ஆட்கள் இருட்டிய பிறகும் வந்துகொண்டிருப்பார்கள். போன முறை எங்கள் வீட்டில் ஆறு பேர் இருந்து பார்த்தோம். கதிர்காமம் நடந்த அண்ணை, கடைசி ஆளும் கோட்டைத் தாண்டும்வரை கதிரையைவிட்டு எழும்பவில்லை.